பாட்டிலைத் தூக்கிப் போடாதே மாப்ளே!

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ் ஏறி, எரியோடு தாண்டி குஜிலியம்பாறை பக்கம் போயிருக்கீங்களா? ஜன்னலோரத்து சீட் கிடைச்சா இன்னும் விசேஷம். ரெண்டு பக்கமும் மானாவாரிக் காடு. நடுநடுவே வேலிக்கருவை. மேய்ஞ்சுக்கிட்டே நகர்ற ஆட்டு மந்தை. இதெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனா, ஒவ்வொரு ஊர் ஆரம்பிக்கிற இடத்துலயும், முடியற இடத்துலயும் ஒரே மாதிரி ஒரு காட்சி வரும் பாருங்க... நீலம், பச்சை, சிவப்புன்னு கலர் கலரா ஒரு குப்பை மேடு!

அடுத்த தடவை பஸ் அங்கே ஸ்லோ ஆகும்போது கொஞ்சம் உத்துப் பாருங்க. கேரி பேக், டீ கப் எல்லாம் நாம எதிர்பார்க்கிறதுதான். ஆனா, அதுக்கு நடுவுல கெத்தா நிமிர்ந்து நிக்கிற சில ஆசாமிகள் இருப்பாங்க. டாய்லெட் கழுவுற பாட்டில், பாத்திரம் கழுவுற லிக்விட் பாட்டில், தரை துடைக்கிற பாட்டில், ஹேண்ட்வாஷ் பாட்டில். அதாவது, நம்ம வீட்டைச் ‘சுத்தம்’ பண்ணின பாட்டில்கள்தான் நம்ம ஊரை அசுத்தம் பண்ணிக்கிட்டு நிக்குது. இது எந்த ஊர் நியாயம் மக்களே?

‘அட, இதுக்கு நான் என்ன பண்றது? கவர்மென்ட்டுதானே பார்த்துக்கணும்’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இந்த மேட்டர்ல நீங்க பண்ண முடியாதது எதுவுமே இல்லை. சொல்லப் போனா, உங்க அப்பத்தாவும் தாத்தாவும் ஏற்கெனவே பண்ணி முடிச்ச வேலைதான் இது!

பாத்ரூம் கணக்கு

முதல்ல ஒரு சின்ன ஹோம்வொர்க். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் (ஹாஸ்டல் பார்ட்டிகள் லீவுல ஊருக்குப் போனதும்) பாத்ரூம், கிச்சன், வாஷ்பேசின் மூணு இடத்துலயும் ஒரு ரவுண்டு அடிங்க. மாசத்துக்கு எத்தனை பாட்டில் காலியாகுதுன்னு அம்மாகிட்ட கேளுங்க. பாத்திரத்துக்கு ஒண்ணு, டாய்லெட்டுக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணு, துணிக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணுன்னு 5 பாட்டில் வருதுன்னு வைங்க. வருஷத்துக்கு 60. உங்க காலேஜ்ல 3,000 பேர் படிச்சா, அத்தனை குடும்பத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 1,80,000 பாட்டில். ஒரே ஒரு காலேஜ் கணக்குதான் இது.

அந்த பாட்டில்ல உள்ளே இருக்கிறது என்ன தெரியுமா? பாத்திரம் கழுவுற லிக்விடோ, ஹேண்ட்வாஷோ... அதுல பெரும்பங்கு தண்ணிதான். எங்கேயோ ஒரு ஃபேக்டரியில் தண்ணியைக் கலந்து, அதைப் பாட்டில்ல அடைச்சு, அட்டைப்பெட்டியில் போட்டு, லாரியில் ஏத்தி, டீசல் செலவு பண்ணி, நம்ம ஊர்க் கடைக்குக் கொண்டு வர்றாங்க. நாம அந்தத் தண்ணிக்கும், பாட்டிலுக்கும், லேபிளுக்கும், டி.வி. விளம்பரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். லிக்விட் ஒரு மாசத்துல தீர்ந்துடும். பாட்டில் மட்டும் நம்ம பேரப் பிள்ளைகள் காலம் வரைக்கும் ஜம்முன்னு இருக்கும்!

‘பழைய இரும்புக் கடையில் போட்டுடறோமே, அவங்க ரீசைக்கிள் பண்ணிட மாட்டாங்களா?’ - நல்ல கேள்வி. கெட்டியான பாட்டில்களை அவங்க எடுத்துக்கத்தான் செய்வாங்க. நம்ம ஊர்க் குப்பையில் பாதியைக் காப்பாத்துறதே அந்தத் தள்ளுவண்டி அண்ணன்கள்தான். ஆனா, உலகக் கணக்கு வேற மாதிரி இருக்கு. 2015 வரைக்கும் உலகத்துல குப்பையா மாறின பிளாஸ்டிக் அத்தனையும் கணக்குப் போட்டு, 2017-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. அதுல மறுசுழற்சி ஆனது வெறும் 9 சதவிகிதம். எரிச்சது 12 சதவிகிதம். மிச்சம் 79 சதவிகிதம் குப்பை மேட்டுலயும், மண்ணுலயும், தண்ணியிலயும் கிடக்கு. ரீசைக்கிள் பண்றதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு பாஸ். அதுக்குப் பேர்தான் ரீஃபில்.

அப்பத்தா காலத்து ரீஃபில்

ரீஃபில்னா ஏதோ ஃபாரின் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. உங்க அப்பத்தாகிட்ட உட்கார்ந்து பேசிப் பாருங்க. ‘செக்கு எண்ணெய் வாங்க நாங்க பாட்டிலைத்தான் தூக்கிட்டுப் போவோம். பாலுக்குத் தூக்குவாளி. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு கேன்’னு லிஸ்ட் போடுவாங்க. கேன் இல்லாம ரேஷன் கடைக் க்யூவில் போய் நின்னா, திரும்பி வர வேண்டியதுதான். பாத்திரம் யாரோடதுன்னா, வாங்கறவங்களோடது. கடைக்காரர் ஊத்தறதோட சரி.

தலைக்குக் குளிக்கவும் அப்படித்தான். குஜிலியம்பாறை, வேடசந்தூர், கரூர் பக்கத்து வறண்ட காடுகள்ல உசிலை மரம் பார்த்திருப்பீங்க. அதோட இலையைக் காயவெச்சு இடிச்சா, அரப்புத்தூள். எண்ணெய்ப் பிசுக்கு பறந்துடும். துணிக்குப் பூந்திக்கொட்டை, பாத்திரத்துக்குச் சாம்பல், பித்தளைக்குப் புளி. பாட்டிலும் இல்லை, லேபிளும் இல்லை. அதுக்காக இன்னைக்கே எல்லாரும் சாம்பலுக்குத் திரும்புங்கன்னு நான் சொல்ல வரலை. ஹாஸ்டல்ல சாம்பலுக்கு எங்கே போறது? சாமான் வேணும், ஆனா ஒவ்வொரு தடவையும் புது பாட்டில் வேணாம். அவ்வளவுதான் மேட்டர்.

கோலி சோடா ஞாபகம் இருக்கா? இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிரம் காட் என்பவர் 1872-ல் காப்புரிமை வாங்கின பாட்டில் அது. கேஸோட அழுத்தத்துல கோலி மேலே போய் வாயை அடைச்சுக்கும். மூடியே வேணாம்! நம்ம ஊர் சோடா கம்பெனிகள் அதே பாட்டிலை மறுபடி மறுபடி கழுவி, ரொப்பி வித்தாங்க. ‘அண்ணே, பாட்டிலைக் கொடுத்துட்டுப் போங்க’ன்னு கடைக்காரர் பின்னாடியே கத்துவாரே... அந்தக் குரல்தான் நம்ம ஊரோட ஒரிஜினல் சுற்றுச்சூழல் சட்டம்!

ஒரு ரூபாய்ப் புரட்சி

அப்புறம் எப்போ மாறிச்சு? இதுலயும் ஹீரோ நம்ம தமிழ்நாடுதான். 1970-களில் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், பெரிய பாட்டில் வாங்க முடியாத ஏழைகளுக்கும் எல்லாப் பொருளும் கிடைக்கணும்னு யோசிச்சு, சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைச்சு விக்கிற வழியைக் கொண்டு வந்தார். அதுதான் சாஷே. அவர் மகன்கள்ல ஒருத்தரான சி.கே.ரங்கநாதன் 1983-ல் ஆரம்பிச்சதுதான் ‘சிக்’ ஷாம்பு. இன்னைக்குக் கேவின்கேர்.

அதுல ஒரு சுவாரஸ்யம். காலி சாஷே 5 கொண்டு வந்து கொடுத்தா, ஒரு ஷாம்பு சாஷே இலவசம்னு ‘சிக்’ ஒரு திட்டம் போட்டது. விற்பனை பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. அது பிசினஸ் மூளை, குப்பையைக் குறைக்கப் போட்ட திட்டம் இல்லை. ஆனா, நமக்கு அதுல ஒரு பாடம் இருக்கு. காலிக் கவருக்கு ஒரு மதிப்பு வெச்சுட்டா, நம்ம ஜனங்க அதைப் பத்திரமா எடுத்து வெச்சுத் திருப்பிக் கொண்டு வந்துடுவாங்க!

சாஷேவைக் குறை சொல்லறது ஈஸி. கூலி வேலைக்குப் போற அம்மாவுக்கு ஒரே நேரத்துல 200 ரூபாய் கொடுத்து பாட்டில் வாங்க முடியாது, 2 ரூபாய்க்கு சாஷே வாங்க முடியும். அந்த நியாயம் இன்னைக்கும் இருக்கு. ஆனா, பல அடுக்கு பிளாஸ்டிக்கை ஒட்டிச் செஞ்ச அந்தக் கவரை எந்தப் பழைய இரும்புக் கடையும் வாங்காது. எரிக்கிறது, இல்லேன்னா புதைக்கிறது. கொஞ்சமா வாங்கணும், குறைஞ்ச விலையில வாங்கணும், கவரும் இருக்கக் கூடாது. இது மூணும் சேர்ந்தா என்ன வரும்? சொந்த பாட்டிலைக் கொண்டு போய் 100 மில்லி ஊத்தி வாங்கறது. சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தான் வர்றோம், பார்த்தீங்களா!

பத்து ரூபாய் மேஜிக்

‘இதெல்லாம் பேச நல்லா இருக்கும், நடக்குமா?’ன்னு கேக்கறவங்களுக்கு நீலகிரியைக் காட்டுங்க. காட்டுக்குள்ள வீசற மது பாட்டில்கள் உடைஞ்சு யானை, காட்டெருமையோட காலைக் கிழிக்குதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பிரச்னை போச்சு. 2022 மே மாசம் நீலகிரி டாஸ்மாக் கடைகள்ல ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்த 10 ரூபாய் வாபஸ். அவ்வளவுதான்! வித்த பாட்டில்ல பெரும்பாலானது கடைக்கே திரும்பி வந்தது. அப்புறம் வேற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிஞ்சது. (உங்களை டாஸ்மாக் பக்கம் போகச் சொல்லலை சாமி... டெக்னிக்கை மட்டும் எடுத்துக்கோங்க!)

அந்த வழியில வர்றவங்களே பாட்டிலைப் பத்திரமாத் திருப்பிக் கொடுக்கும்போது, டிகிரி படிக்கிற நாம ஹேண்ட்வாஷ் பாட்டிலைத் திருப்பி ரொப்ப மாட்டோமா?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது உங்களுக்குத் தெரியும். கேரி பேக், கப், தட்டு, ஸ்ட்ரா, தண்ணி பாக்கெட்னு 14 அயிட்டம் அந்த லிஸ்ட்ல இருந்தது. 2021 டிசம்பர்ல ‘மீண்டும் மஞ்சப்பை’யும் வந்தாச்சு. ஆனா, அந்த 14-ல் பினாயில் பாட்டில் இல்லை. மஞ்சப்பையை எடுத்துட்டுக் கடைக்குப் போய், அதுக்குள்ள நாலு பிளாஸ்டிக் பாட்டிலைப் போட்டுட்டு வர்றோம்!

கம்பெனிகளுக்கும் கிடுக்கிப்பிடி வந்திருக்கு. மத்திய அரசு 2022 பிப்ரவரியில் கொண்டு வந்த விதிகள்ல, பேக்கிங்குக்குப் பயன்படுத்தற கெட்டி பிளாஸ்டிக்கை மறுபடி பயன்படுத்தறதுக்குன்னே இலக்கு வெச்சாங்க. 4.9 லிட்டரும் அதுக்கு மேலயும் கொள்ளளவு உள்ள கேன்கள்ல 2025-26-ல் 70 சதவிகிதம், அதுக்குக் கீழே 0.9 லிட்டர் வரைக்கும் உள்ளதுல 10 சதவிகிதம். சட்டம் மேலே இருந்து இறங்கி வர்ற வரைக்கும் நாம கீழே இருந்து ஏறிப் போலாமே!

சிலியில் ஸ்டார்ட்-அப்... நம்ம ஊர்ல பினாயில் அண்ணன்!

தென் அமெரிக்காவுல சிலி நாட்டில் ‘அல்கிராமோ’ன்னு ஒரு நிறுவனம். ஸ்பானிஷ்ல அதுக்கு ‘கிராம் கணக்கில்’னு அர்த்தம். யூனிலீவரோட சேர்ந்து, எலெக்ட்ரிக் மூணு சக்கர வண்டியில் வீட்டு வாசலுக்கே வந்து, மக்களோட பாட்டில்ல சலவை லிக்விடை ரொப்பிக் கொடுத்தாங்க. உலகமே ‘வாவ்’னு கை தட்டுச்சு. ஜப்பான்ல சலவை லிக்விட், ஷாம்பு எல்லாம் பெரும்பாலும் ரீஃபில் பாக்கெட்டாத்தான் விக்குது. பாட்டில் வீட்டுலயே இருக்கும். (அந்த பாக்கெட்டும் பிளாஸ்டிக்தான், ஆனா பாட்டிலை விட ரொம்பக் கம்மி.) நம்ம நாட்டுல இந்துஸ்தான் யூனிலீவர் 2021-ல் மும்பை சூப்பர் மார்க்கெட் ஒண்ணுல ரீஃபில் மெஷின் வெச்சது.

இதையெல்லாம் படிக்கும்போது உங்களுக்கு ஒருத்தர் ஞாபகத்துக்கு வரணுமே... டி.வி.எஸ். 50 பின்னாடி கேன்களைக் கட்டிக்கிட்டு, ‘பினாயில்... சோப் ஆயில்...’னு தெருத் தெருவா குரல் கொடுத்துட்டு வருவாரே, அந்த அண்ணன்! ‘அக்கா, பாட்டில் இருந்தா எடுத்துட்டு வாங்க’ன்னு சொல்லி, அளந்து ஊத்திட்டுப் போவாரே. அல்கிராமோவுக்குப் பல வருஷம் முன்னாடியே நம்ம தெருவுல ஓடின ஸ்டார்ட்-அப் அது. ஆப் இல்லை, அவார்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

உஷாரய்யா உஷாரு!

கொஞ்சம் சீரியஸ் ஆவோம். ரீஃபில்ங்கறது பாட்டில்ல ஊத்தி மூடற விளையாட்டு கிடையாது. உள்ளே இருக்கிறது கெமிக்கல். தப்பு பண்ணினா உயிர் விஷயம்.

* குடிக்கிற பாட்டில்ல ஊத்தவே கூடாது. தண்ணி பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல பினாயில் ஊத்தி வெச்சு, குழந்தைங்க ஜூஸ்னு நினைச்சுக் குடிக்கிறது நம்ம ஊர்ல நடக்கிற கொடுமை. சாமான் வாங்கின அதே பாட்டில்ல அதே சாமான். மாத்தக் கூடாது.

* அதே மாதிரி தலைகீழாவும் கூடாது. 5 லிட்டர் பினாயில் கேனைக் கழுவிட்டு, காட்டு வேலைக்குக் குடிதண்ணி கொண்டு போற பழக்கம் கிராமங்கள்ல உண்டு. எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்ல ஊறின கெமிக்கல் முழுசாப் போகாது. அம்மா அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்க.

* டாய்லெட் கிளீனர்ல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பிளீச்சிங் லிக்விட்ல சோடியம் ஹைப்போகுளோரைட். ரெண்டும் கலந்தா குளோரின் கேஸ்! முதல் உலகப் போர்ல ஆயுதமாப் பயன்படுத்தின அதே கேஸ். ஒரு பாட்டில்ல மிச்சம் இருக்கும்போது இன்னொண்ணை ஊத்தாதீங்க. கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட்ஸ், இந்த ஏரியா உங்க பொறுப்பு.

* ஆசிட் ரீஃபில் வேணவே வேணாம். 2013-ல் லட்சுமி வழக்குல உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. வாங்கறவர் பேரும் முகவரியும் பதிவாகணும், அடையாள அட்டை காட்டணும், 18 வயசுக்குக் கீழே விக்கவே கூடாது. ஏன்னு உங்களுக்கே தெரியும். உங்க ரீஃபில் லிஸ்ட்ல சோப் ஆயில், பாத்திர லிக்விட், ஹேண்ட்வாஷ், தரை துடைக்கிற லிக்விட் மட்டும் இருக்கட்டும்.

* ஹேண்ட்வாஷ் பாதி தீர்ந்ததும் மேலே மேலே ஊத்தாதீங்க. தண்ணி விட்டுக் குலுக்கியும் ஓட்டாதீங்க. தண்ணி கலந்தா அதுல இருக்கிற, கெட்டுப் போகாம காக்கற மருந்தோட வீரியம் குறையும், கிருமி வளரும். முழுசாத் தீரட்டும், கழுவுங்க, நல்லாக் காயட்டும், அப்புறம் ரொப்புங்க.

* லேபிள் கிழிஞ்சா, மார்க்கர் பேனாவுல பேரும் தேதியும் எழுதி ஒட்டுங்க. ‘எங்களுக்குத் தெரியும்’னு விடாதீங்க. வீட்டுக்கு வர்ற சித்தி பையனுக்குத் தெரியாது!

காம்பஸ்ல கடை போடலாமா?

சரி, எங்கே ஆரம்பிக்கிறது? உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். யூனிட்டுலயே ஆரம்பிங்க. 1969-ல் காந்தி நூற்றாண்டு வருஷத்துல தொடங்கின அமைப்பு அது. கேம்ப் போய் ரோட்டோரக் குப்பை பொறுக்கறது நல்ல வேலைதான். ஆனா அடுத்த வருஷம் அதே ரோட்டுல அதே குப்பையைப் பொறுக்கறோமே... குப்பை வர்ற குழாயையே மூடினா என்ன?

சரக்குக்கு நம்ம மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கு. 1989-ல் தருமபுரியில் ஆரம்பிச்சுத் தமிழ்நாடு முழுக்கப் பரவின இயக்கம் அது. பினாயில், சோப் ஆயில் தயாரிக்கிற குழுக்கள் பல ஊர்கள்ல உண்டு. அவங்களோட பெரிய தலைவலி என்ன தெரியுமா? லிக்விட் தயாரிக்கிறது இல்லை, பாட்டிலும் லேபிளும் வாங்கறதுதான். பெரிய கம்பெனி பாட்டில் பளபளப்போட அவங்களால போட்டி போட முடியலை. நீங்க சொந்த பாட்டிலோட போய் நின்னா, அந்தச் செலவே அவங்களுக்கு இல்லை. விலையும் குறையும், நம்ம ஊர்க் காசு நம்ம ஊர்லயே நிக்கும்.

மாசம் ஒரு நாள், காலேஜ் கேட் பக்கத்துல ஒரு மேஜை. மூணு பெரிய கேன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு குழாய், ஒரு எடை மெஷின், ஒரு நோட்டு. காலி பாட்டிலை முதல்ல எடை போடணும், ரொப்பினதுக்கு அப்புறம் மறுபடி எடை போடணும். வித்தியாசத்துக்குத்தான் காசு. காமர்ஸ் பசங்க கணக்கு எழுதட்டும். கெமிஸ்ட்ரி பசங்க காரத்தன்மை சரியா இருக்கான்னு லேப்ல டெஸ்ட் பண்ணிச் சொல்லட்டும். தமிழ் டிபார்ட்மென்ட் மக்கள் சூப்பரா ஒரு பேர் வைக்கட்டும். பாட்டில் கொண்டு வர மறந்தவங்களுக்கு மட்டும் 10 ரூபாய் டெபாசிட்டுல பழைய பாட்டில். திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய் வாபஸ். நீலகிரி டெக்னிக்!

ஹாஸ்டல் பார்ட்டிகளுக்கு இன்னும் ஈஸி. ரூமுக்கு ஒரு பாட்டில்னு பத்து ரூம்ல பத்து பாட்டில் வாங்கறதுக்குப் பதிலா, ஃப்ளோருக்கு ஒரு 5 லிட்டர் கேன். பெரும்பாலும் லிட்டர் கணக்குக்கு அதுதான் மலிவு. மிச்சமாகற காசுல... பிரியாணிக்குப் பேர் போன ஊர்ல இருந்துக்கிட்டு, அதை வேற நான் சொல்லணுமா?

ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். முதல் மாசம் பத்து பேர்தான் வருவாங்க. ‘காலேஜுக்குப் பினாயில் பாட்டிலைத் தூக்கிட்டு வர்றான் பாரு’ன்னு கலாய்ப்பாங்க. டிபன் பாக்ஸ் தூக்கிட்டு வர்றதையே கேவலமா நினைச்ச கூட்டம்தானே நாம! கலாய்க்கட்டும். நீங்க விடாம மேஜையைப் போடுங்க. மூணாவது மாசம், கலாய்ச்சவனோட அம்மா அவன் கையில பாட்டிலைக் கொடுத்து அனுப்புவாங்க. வீட்டுல காசு மிச்சமாகற விஷயத்தை எந்த அம்மாவும் விட மாட்டாங்க.

மறுபடியும் அந்த கரூர் பஸ்ஸுக்கு வருவோம். அந்தக் குப்பை மேட்டுல ராத்திரி யாராவது தீ வைப்பாங்க. அந்தப் புகை, பக்கத்துல இருக்கிற வீடுகளுக்குத்தான் போகும். மழை பெய்ஞ்சா மிச்சம் மீதி ஓடையில இறங்கும். வேடசந்தூர் வழியா ஓடற குடகனாறு அமராவதியில கலந்து, அமராவதி காவிரியில கலக்குது. நம்ம வீட்டு பாத்ரூம் பாட்டில் ஒண்ணு அந்த வழியாக் கடல் வரைக்கும் டூர் போறதும், அடுத்த மாசம் நம்ம பாத்ரூமுக்கே திரும்பி வர்றதும் நம்ம கையில இருக்கு.

இந்த ஞாயித்துக்கிழமை முதல் வேலை, வீட்டுல காலியான பாட்டிலை வீசாம கழுவிக் கவுத்து வைங்க. ரெண்டாவது வேலை, தெருவுல பினாயில் அண்ணன் குரல் கேட்டா ஓடிப் போய் நிறுத்துங்க. மூணாவது வேலைக்கு உங்களுக்கு ஒரு மேஜையும் மூணு ஃப்ரெண்ட்ஸும் வேணும்.

மேஜைக்குக் காலேஜ்ல பஞ்சமில்லை. ஃப்ரெண்ட்ஸ் ரெடியா?